பெரிய வெள்ளிக்கு வாழ்த்து அனுப்பிய பாத்திரக்கடை

அன்புள்ள ஐயா,

தக்கலையில் பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். அப்பா தொடங்கிய கடை. பில் போடும்போது வாங்கி வைத்த கைப்பேசி எண்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. இரண்டு வருடமாகப் பண்டிகைகளுக்கு வாட்ஸப்பில் வாழ்த்து அனுப்புகிறோம்.

போன வருடம் புனித வெள்ளிக்கு ரோஜாப்பூ வைத்து நானே ஒரு படம் செய்து, ‘இனிய புனித வெள்ளி நல்வாழ்த்துகள்’ என்று எல்லோருக்கும் அனுப்பினேன். பத்தே நிமிடத்தில், அப்பா காலத்திலிருந்து கடைக்கு வரும் ஒரு டீச்சர் பதில் போட்டார்கள். ‘தம்பி, இன்று எங்களுக்குத் துக்க நாள். உங்கள் வீட்டில் துக்கம் என்றால் நான் பூப்படம் போட்டு வாழ்த்துச் சொல்லலாமா?’ எனக்குக் கை நடுங்கிவிட்டது.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு யோசனை. அக்கா மகன், பெயரை வைத்து இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று பட்டியலைப் பிரித்து, அவரவர் பண்டிகைக்கு அவரவருக்கு மட்டும் அனுப்பலாம் என்கிறான். மைத்துனர் கோவையில் ஐடி வேலையில் இருக்கிறார். டிசம்பரில் ஒரே ஒரு தடவை ‘சீசன்ஸ் கிரீட்டிங்ஸ்’ என்று பொதுவாகப் போட்டுவிட்டால் வம்பே இல்லை என்கிறார். அப்பாவோ, ‘ஒரு மண்ணும் வேண்டாம், கடைக்கு வாறவங்கள முகம் பாத்துச் சிரி’ என்கிறார். நீங்கள் முன்பு காலண்டர் ஆர்டர் எடுத்தவர் என்று எழுதியிருந்தீர்கள். காலண்டருக்கு என்ன படம் போடுவது என்பதிலும் எங்களுக்குள் தகராறுதான்.

ஆர்., தக்கலை

அன்புள்ள ஆர்.,

டீச்சரின் பதிலை இரண்டு தடவை படித்தேன். கோபம்தான், ஆனால் ‘தம்பி’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பேசாமல் உங்கள் எண்ணைத் தடை செய்துவிட்டுப் போயிருக்கலாம். கடைமேல் உரிமை இருக்கப்போய்த்தான் திட்டியிருக்கிறார்கள். அதற்கு நீங்கள் என்ன பதில் போட்டீர்கள் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

‘குட் ஃப்ரைடே’யில் இருக்கிற அந்தக் ‘குட்’ பலபேரைக் கவிழ்த்திருக்கிறது. காலண்டரில் சிவப்பு எழுத்தில் இருந்தால் அது பண்டிகை என்று எடுத்துக்கொள்வது நம் பழக்கம். ஆனால் உங்கள் ஊர்க்காரர்கள் ‘பெரிய வெள்ளி’ என்று சொல்லும் அந்த நாள் இயேசு சிலுவையில் இறந்த நாள். சி.எஸ்.ஐ. கோயில்களில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை மும்மணி ஆராதனை நடக்கும். கத்தோலிக்கர்கள் சிலுவைப்பாதை போவார்கள். அன்று கோயில் மணிகூட அடிப்பதில்லை, பதிலுக்கு மரக்கட்டையைத் தட்டுவார்கள். மணியையே நிறுத்திவைத்திருக்கிற நாளில் உங்கள் ரோஜாப்பூ போய் இறங்கியிருக்கிறது. இரண்டு நாள் பொறுத்து ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டருக்கு அதே படத்தை அனுப்பியிருந்தால் டீச்சரே பதிலுக்கு வாழ்த்தியிருப்பார்கள்.

இதே குழி முஹர்ரத்திலும் இருக்கிறது. அரசு விடுமுறை விடுவது அந்த மாதத்தின் பத்தாம் நாளுக்கு. நபியின் பேரர் ஹுசைன் 680ஆம் ஆண்டு கர்பலாவில் கொல்லப்பட்ட நாள் அது. ஷியாக்களுக்குத் துக்கம், சுன்னிகளில் பலர் நோன்பு வைப்பார்கள். அன்றைக்கும் ‘இனிய மொகரம் வாழ்த்துகள்’ என்று பிறை, நட்சத்திரம் போட்டுக் கடைக்கடையாகப் படம் வருகிறது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு வாழ்த்து அனுப்பிய ஒரு ஜவுளிக்கடையையும் பார்த்திருக்கிறேன். பெயரில் ‘திருநாள்’ இருந்தது, போட்டுவிட்டார்கள்.

அதனால் உங்கள் அக்கா மகனிடம் சொல்லுங்கள்: பிரிக்க வேண்டியது நாட்களை, ஆட்களை அல்ல. எது கொண்டாட்டம், எது துக்கம், எது நோன்பு என்று ஒரு தாளில் எழுதி கல்லாவுக்கு மேல் ஒட்டினால் போதும். அதை எழுத உங்கள் வாடிக்கையாளர்களில் நாலு பேரைக் கேட்டாலே ஆயிற்று.

ஆட்களைப் பிரிப்பது உங்கள் மாவட்டத்தில் முதலில் நடக்கிற காரியமே இல்லை. செல்வராஜ் எந்த மதம்? தங்கம்? ஜெயா? கன்னியாகுமரியில் இந்தப் பெயர்களை வைத்து ஜாதகமும் பார்க்க முடியாது, ஞானஸ்நானமும் கொடுக்க முடியாது. ‘கிறிஸ்தவர்’ என்று ஒரு கட்டத்தில் போட்டுவிட்டால் மட்டும் தீர்ந்ததா? உங்கள் தக்கலை சீரோ மலபார் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமையிடம், மார்த்தாண்டம் மலங்கரைக் கத்தோலிக்கர்களுக்கு, நாகர்கோவிலில் லத்தீன் கத்தோலிக்கர்கள், சி.எஸ்.ஐ., இரட்சணிய சேனை, லுத்தரன். போதாததற்குப் பெந்தெகொஸ்தே சபைகள். அவற்றில் சில கிறிஸ்துமஸே கொண்டாடுவதில்லை. முஸ்லிம்களிலும் மீலாது நபிக்கு ஊர்வலம் போகிறவர்கள் உண்டு, அது கூடாது என்கிறவர்களும் உண்டு. பெயரைப் பார்த்து மதத்தை ஊகித்து, மதத்தைப் பார்த்துக் கொண்டாட்டத்தை ஊகிப்பது என்றால் இரண்டு தடவை தப்பு வர வழி இருக்கிறது.

இன்னொன்று. 1982இல் மண்டைக்காட்டில் என்ன நடந்தது என்று அப்பாவிடம் கேளுங்கள். இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த அந்தக் கலவரத்தைப் பார்த்த மாவட்டத்தில், யார் எந்த மதம், வீடு எங்கே, போன் நம்பர் என்ன என்று ஒரு கடைக் கம்ப்யூட்டரில் பட்டியல் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் அக்கா மகன் நல்ல பிள்ளையாகத்தான் இருப்பார். பட்டியல் அவரிடமே கடைசிவரை இருக்கும் என்று யார் சொன்னது? அப்படி ஒரு கட்டம் போட்டிருந்தால் இன்றே அழித்துவிடச் சொல்லுங்கள்.

சரி, மைத்துனர் சொல்கிற பொது வாழ்த்து? எனக்கு அது ஒட்டவில்லை. ‘சீசன்’ என்றால் நமக்குக் குற்றாலம் ஞாபகம் வரும். தமிழில் ‘பண்டிகைக் கால வாழ்த்துகள்’ என்றால் தள்ளுபடி விளம்பரத்தின் தலைப்பு மாதிரி இருக்கிறது. யார் மனமும் புண்படாது என்பது உண்மை, ஆனால் யார் மனதிலும் அது தங்கவும் செய்யாது. பல நாட்டுக்காரர்கள் வேலை பார்க்கும் கம்பெனிக்கு அது சௌகரியமாக இருக்கலாம். உங்கள் நிலைமை வேறு. 2011 கணக்கெடுப்பில் உங்கள் மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85. முஸ்லிம்கள் 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். பக்கத்து வீட்டில் என்ன பண்டிகை என்று தெரியாமல் அங்கே யாரும் வளர்வதில்லை. கிறிஸ்துமஸைக் கிறிஸ்துமஸ் என்றே சொல்லுங்கள், எல்லோருக்கும் சொல்லுங்கள். தீபாவளியையும் அப்படியே. ‘நம்ம ஊரில் இன்று பண்டிகை’ என்று கடை சொல்கிறது, அவ்வளவுதான். அதை வாங்கிக்கொள்ள யாரும் மதம் மாற வேண்டியதில்லை.

பொங்கல், நோன்புப் பெருநாள், ஈஸ்டர், ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ். வருடத்துக்கு ஆறு போதும். பக்ரீத் உங்கள் விருப்பம். அதற்கு மேல் போனால் குட் மார்னிங் படம் அனுப்புகிற மாமாக்கள் வரிசையில் கடையும் சேர்ந்துவிடும். சித்திரை ஒன்றைத் தொடாமல் விடலாம். தை ஒன்றா, சித்திரை ஒன்றா, எது தமிழ்ப் புத்தாண்டு என்று 2008இல் சட்டம் போட்டு 2011இல் அதை ரத்து செய்த சண்டைக்குள் பாத்திரக்கடை எதற்கு?

நோன்புப் பெருநாளுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். ரமலான் என்பது மாதத்தின் பெயர். அது முடிந்து, பிறை தெரிந்தால்தான் பெருநாள். தேதி வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். காலண்டரில் அச்சடித்த தேதியை நம்பி முந்தைய நாளே செய்தியைத் தயார் பண்ணி வைக்காதீர்கள். 2024இல் கேரளத்தில் ஏப்ரல் 10, தமிழ்நாட்டில் தலைமைக் காஜி அறிவித்தபடி ஏப்ரல் 11. கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் சொந்தபந்தம் உள்ள ஊர் உங்களுடையது. கடைக்கு வரும் பாய் யாரிடமாவது ‘பிறை பாத்தாச்சா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள். கேட்பதே பாதி வாழ்த்துதான். படத்தில் தாஜ்மகால் வேண்டாம். அது சமாதி. அப்புறம், வாழ்த்துக்குக் கீழே ‘குக்கருக்கு 20 சதவீதம் தள்ளுபடி’ என்று போடாதீர்கள். தள்ளுபடியை மறுநாள் தனியாக அனுப்பலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

வாட்ஸப் விஷயத்தில் ஒரு ஆறுதல். ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும். அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் செய்தி போய்ச் சேரும். டீச்சருக்குப் போய்ச் சேர்ந்தது என்றால், உங்கள் கடை எண்ணை ஏதோ ஒரு பெயரில் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இனி காலண்டர். இதில்தான் எனக்கு நேரடி அனுபவம். ஏழு வருடம் சிவகாசி அச்சகம் ஒன்றுக்கு ஆர்டர் எடுத்தேன். ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த வருடத்து ஆல்பம் வெளியாகும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று பஸ் பஸ்ஸாக இறங்கி ஏறுவேன். கவுண்டரில் விரித்தால் முதலாளி விலையைப் பார்ப்பார். உள்ளேயிருந்து முதலாளியம்மா எட்டிப் பார்த்து, ‘இந்த லட்சுமிக்குக் கண்ணு சரியில்ல, அடுத்ததக் காட்டுங்க’ என்பார்கள்.

மார்த்தாண்டத்தில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் 500 காலண்டர் போட்டார். முருகன் 200, வேளாங்கண்ணி மாதா 150, மக்கா 50, மீதி 100 அருவியும் மலையுமாக இயற்கைக் காட்சி. பாக்கிப் பணம் வாங்கப் போன நான் ஓரமாக நின்றிருந்தேன். கடைப்பையன் பொட்டைப் பார்த்து, தொப்பியைப் பார்த்து, கழுத்துச் சங்கிலியைப் பார்த்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். குங்குமம் வைத்த ஒரு பாட்டியிடம் முருகனைச் சுருட்டி நீட்டினான். ‘இவரு வீட்டுல ரெண்டு பேரு இருக்காரு மக்களே, மாதா படம் ஒண்ணு தா. மகளுக்குப் பேறுகாலத்துல நேந்துக்கிட்டது’ என்றாள் பாட்டி. பையன் முழித்தான். அடுத்து வந்தவர் தொப்பி போட்டிருந்தார். மக்காவை எடுக்கப்போன பையனைக் கையமர்த்தி, ‘படம் எதுவானாலும் சரி, தேதி பெரிசா இருக்கணும். உம்மாவுக்குக் கண்ணு தெரியல்ல’ என்றார். அருவி படத்தில்தான் தேதி பெரிசாக இருந்தது.

அடுத்த வருடம் நான் போனபோது கடை வாசலில் ஒரு கம்பி கட்டி, நாலிலும் ஒவ்வொன்று தொங்கவிட்டிருந்தார். வேண்டியதை ஆட்கள் தொட்டுக் காட்டினார்கள். பையனுக்கு யோசிக்கிற வேலை இல்லை. முதலில் தீர்ந்தது அருவிதான். அந்தத் தடவை நாலு படத்துக்கும் கீழே தைத்திருந்த தாள்கட்டு மட்டும் ஒன்றுதான். ராகுகாலம், எமகண்டம், ஹிஜ்ரி தேதி, மாதா திருவிழா எல்லாம் ஒரே தாளில்.

நீங்களும் நாலு வகை போட்டு ஒரு கம்பி கட்டுங்கள். கடைசி நிமிடத்தில் போனால் மிஞ்சின படம்தான் கிடைக்கும், ஆவணிக்குள் ஆர்டரைக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் அப்பா சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் முன்னே பாத்திரத்துக்கு ஈயம் பூச மாதாமாதம் கடைக்கு வந்தார்கள். இப்போது ஒரு குக்கர் வாங்கினால் அடுத்த முகதரிசனம் நாலு வருடம் கழித்துத்தான். இடையில் ஒரு செய்தி போகட்டும், தப்பில்லை.

வருகிற பெரிய வெள்ளிக்குப் படமும் வேண்டாம், வாழ்த்தும் வேண்டாம். முந்தைய நாள் மாலை ஒரே ஒரு வரி அனுப்புங்கள்: ‘நாளை பெரிய வெள்ளி. ஆராதனை முடிந்து மாலை 4 மணிக்குக் கடை திறக்கும்.’ டீச்சருக்கு மட்டும் அந்த ஒரு வரியையும் அனுப்ப வேண்டாம். போன் போட்டுப் பேசுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.