கார்வின் ஜேம்ஸ்: வாத்தியாரா, பயிற்சியாளரா?

வணக்கம் சார்,

கார்வின் ஜேம்ஸ் பற்றிய உங்கள் கட்டுரையில் அவரை ஒவ்வோர் இடத்திலும் 'ஆசிரியர்' என்றே எழுதுகிறீர்கள். உலகம் அவரை ரக்பி பயிற்சியாளராகத்தானே அறியும்? நான் அரசுப் பள்ளித் தமிழாசிரியர். பி.டி. சார் இல்லாததால் கபடி அணியும் என் தலையில். நான் கபடி ஆடியதே இல்லை. அதனால்தான் கேட்கிறேன்.

அன்புள்ள நண்பருக்கு,

கார்வின் நன்றாக ஆடியவர், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1929-இல் தெற்கு வேல்ஸில் கெவ்நெய்தின் என்ற சுரங்க ஊரில் பிறந்தார். அப்பா நிலக்கரித் தொழிலாளி. உள்ளூர்ப் பள்ளியில் ஆடத் தொடங்கி வேல்ஸ் பள்ளி மாணவர் அணி வரை போனார். அப்புறம் லனெல்லி கிளப். நாட்டுக்காக ஆடக் கிடைத்தது இரண்டே ஆட்டம், இரண்டும் 1958-இல். அவருடைய இடத்தில் கிளிஃப் மார்கன் என்ற பெரிய ஆட்டக்காரர் இருந்தார்.

வயிற்றுப்பாட்டுக்குச் செய்த வேலை, வெல்ஷ் மொழி கற்பிப்பது. லாண்டவரி உறைவிடப் பள்ளியில் பத்தாண்டுக்கும் மேல் பகலில் தாய்மொழிப் பாடம், மாலையில் அதே பையன்களுக்கு ரக்பி. 1971-இல் பிரிட்டிஷ், ஐரிஷ் ஆட்டக்காரர்கள் சேர்ந்த லயன்ஸ் அணியை நியூசிலாந்துக்கு அழைத்துப் போனவர் இந்த மொழி வாத்தியார்தான். நான்கு டெஸ்டில் இரண்டு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு டிரா. அந்த மண்ணில் லயன்ஸ் தொடரை வென்றது இன்று வரை அந்த ஒரு தடவைதான்.

உங்களுக்கு வேண்டிய விஷயம் இங்கே இருக்கிறது. கார்வின் பின்வரிசையில் நின்று பந்தை உதைத்தும் கடத்தியும் ஆடியவர். முன்வரிசை ஆட்கள் தோளோடு தோள் முட்டித் தள்ளுகிற ஸ்க்ரம் அவருடைய வித்தை இல்லை. தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் இல்லை. அயர்லாந்து முன்வரிசைக்காரர் ரே மெக்லாக்லினிடம் அந்தப் பயிற்சியை ஒப்படைத்தார். ஆட்டக்காரரையே வாத்தியார் ஆக்க மனசு வேண்டும் சார். நான் அவரை ஆசிரியர் என்று எழுதுவது இதற்காகத்தான்.

இன்னொன்றும் உண்டு. 1970-இல் தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் அணி லனெல்லியில் ஆட வந்தது. அப்போது லனெல்லி கிளப்பின் பயிற்சியாளர் கார்வின்தான். நிறவெறியை அவர் அடியோடு வெறுத்தார். தன் பையன்களை ஆட்டத்துக்குத் தயார் செய்தார், பேசி அனுப்பினார். அவர்கள் போன பிறகு உடை மாற்றும் அறையிலேயே உட்கார்ந்துவிட்டார். வெளியே ஸ்ட்ராடி பார்க் மைதானம் கத்திக்கொண்டிருக்க, ஆட்டத்தை அவர் பார்க்கவில்லை. இதை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சரி, உங்கள் அணிக்கு வருவோம். ரெய்டு போய்விட்டுத் திரும்புகிற பையனிடம், ஏன் இடப்பக்கம் போனாய் என்று கேளுங்கள். அவன் சொல்லும்போது மற்றவர்களையும் கேட்க வையுங்கள். பிடி போடத் தெரிந்த பழைய ஆட்டக்காரர் ஒருவர் உங்கள் ஊரில் கட்டாயம் இருப்பார். ஒரு மாலை அவரை மைதானத்துக்குக் கூப்பிடுங்கள். அவர் சொல்லித்தரும்போது நீங்களும் பையன்களோடு வரிசையில் நில்லுங்கள்.