சாக்வான் பார்க்லியை நியூயார்க் ஜயன்ட்ஸ் போக விட்டது தவறா?

அமெரிக்க ஃபுட்பால் பார்க்காதவர்களுக்காக முதலில் கதைச் சுருக்கம். 2024 மார்ச்சில் ஜயன்ட்ஸ் அணி தன் நட்சத்திர ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) பார்க்லியோடு ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அவர் நேராகப் பரம எதிரியான ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குப் போனார். அந்த சீசனில் 2,005 யார்டு ஓடினார், 2025 பிப்ரவரியில் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலும் வென்றார். அதே சீசனில் ஜயன்ட்ஸ் 17 ஆட்டங்களில் ஜெயித்தது மூன்றே மூன்று. "இதைவிடப் பெரிய முட்டாள்தனம் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் நியூ ஜெர்சியில் இருக்கும் ஜயன்ட்ஸ் ரசிகன். எனக்கும் இது ஆறாத காயம்தான். ஆனாலும் சொல்கிறேன், 2024 மார்ச்சில் அவரைப் போக விட்டது தவறில்லை. தவறு நடந்தது அதற்கு ஓராண்டு முன்பு.

2022 சீசனில் ஜயன்ட்ஸ் யாரும் எதிர்பாராமல் ப்ளேஆஃப் என்ற நாக்-அவுட் சுற்றுக்குப் போய், மினசோட்டாவில் வைகிங்ஸை 31-24 என்று வீழ்த்தியது. ஊரே கொண்டாடியது. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸ், பார்க்லி இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒப்பந்தக் காலம் முடிந்தது. ஒரு அணி ஒரு ஆண்டில் ஒரே ஒரு வீரர் மீதுதான் 'ஃபிரான்சைஸ் டேக்' போடலாம். போட்டுவிட்டால் நிர்ணயிக்கப்பட்ட சம்பளத்துக்கு அவர் ஒரு ஆண்டு அங்கேயே இருந்தாக வேண்டும், நடைமுறையில் அவ்வளவுதான். 2023 மார்ச் 7 அன்று டேக் போடும் கெடு முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஜோன்ஸுக்கு நான்கு ஆண்டுக்கு 16 கோடி டாலர் என்று கையெழுத்தானது. டேக் பார்க்லி தலையில் விழுந்தது, சுமார் ஒரு கோடி டாலருக்கு.

ஒரே ஒரு நல்ல சீசனை வைத்து ஜோன்ஸுக்கு அவ்வளவு கொடுத்திருக்கவே கூடாது. டேக்கை அவர் மீது போட்டு, "இன்னொரு வருஷம் ஆடிக் காட்டு" என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆண்டு ஒவ்வொரு அணியும் சம்பளத்துக்குச் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 22 கோடியே 48 லட்சம் டாலர்தான். அதில் ஒரு சுமாரான குவார்ட்டர்பேக்குக்குப் பெரிய பங்கை எழுதிக் கொடுத்துவிட்டால் மற்ற இடமெல்லாம் இழுபறிதான். முடிவும் தெரிந்ததுதானே. ஜோன்ஸுக்கு 2023 நவம்பரில் முழங்கால் போனது, 2024 நவம்பரில் அணியே அவரை விடுவித்தது.

இனி பார்க்லி. ரன்னிங் பேக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவருக்கு வழி திறப்பது முன்னால் நிற்கும் ஐந்து பேர். 2023-ல் ஜயன்ட்ஸின் அந்த வரிசை எப்படி இருந்தது தெரியுமா? ஒரு சீசனில் தங்கள் குவார்ட்டர்பேக்குகளை 85 முறை வீழ்த்த விட்டது. என்எஃப்எல் லீக் வரலாற்றிலேயே இதைவிட மோசம் ஒரே ஒரு அணிதான். அந்த வரிசைக்குப் பின்னால் பார்க்லி ஓடியது 962 யார்டு, ஓட்டத்துக்குச் சராசரி 3.9. அதே மனிதர் ஃபிலடெல்ஃபியாவில் ஓடியது சராசரி 5.8. கால் அதே கால்தான். அங்கே முன்னால் நிற்பது சிட்னியில் ரக்பி ஆடி வளர்ந்த ஆறடி எட்டு அங்குல ஜோர்டன் மைலாட்டா, மறுமுனையில் லேன் ஜான்சன். மைலாட்டா பக்கம் போகும் ஒரு ஓட்டத்தின் வீடியோவை நிறுத்திப் பாருங்கள், பந்து கைக்கு வரும் முன்பே எதிராளி இரண்டு அடி பின்னால் போயிருப்பார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2024-ல் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஜயன்ட்ஸ் ஐந்தாம் சுற்றில் எடுத்த புதுப் பையன் டைரோன் ட்ரேசி, அந்தக் கந்தல் சீசனிலும் 839 யார்டு ஓடினார், சராசரி 4.4. சம்பளம் பார்க்லியினுடையதோடு பக்கத்தில் வைத்துப் பேசக்கூடியதே இல்லை. ஈகிள்ஸ் பார்க்லிக்குக் கொடுத்தது மூன்று ஆண்டுக்கு 3 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல். வரிசை தயாராக இருக்கிற அணிக்கு அது மலிவு. வரிசையே இல்லாத அணிக்கு அது வீண் செலவு. ட்ரேசியை பார்க்லிக்கு ஈடு என்று நான் சொல்லவில்லை, அந்த அணிக்கு அப்போது அது போதும் என்கிறேன்.

உரிமையாளர் ஜான் மாராவே, பார்க்லி ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனால் தனக்குத் தூக்கம் வராது என்று பொது மேலாளர் ஜோ ஷோனிடம் சொன்ன காட்சி அந்தக் கோடையில் டிவியில் வந்தது. அதைப் பார்த்து எல்லாரும் ஷோனைத் திட்டினார்கள். எனக்கு அவர் மேல் கோபம் வேறு விஷயத்தில். 2023 அக்டோபர் கடைசியில் ஜயன்ட்ஸ் 2 வெற்றி, 6 தோல்வி என்று கிடந்தது. சீசன் முடிந்த கதை. தடுப்பாட்டக்காரர் லெனர்ட் வில்லியம்ஸை சியாட்டிலுக்குக் கொடுத்து இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்றும் ஐந்தாம் சுற்றுத் தேர்வு ஒன்றும் வாங்கினார்கள். அருமையான வேலை. அதே வாரத்தில் பார்க்லியையும் பேசி முடித்திருக்கலாமே? மார்ச்சில் விடத்தான் போகிறோம் என்றால், அக்டோபரில் விலை பேசுவதுதான் அறிவு. நமக்குப் பிடித்த இடத்துக்கு, நம்மோடு அடிக்கடி மோதாத வேறு டிவிஷனுக்கு (பிரிவுக்கு), அனுப்பியிருக்கவும் முடியும். அதைச் செய்யாததால்தான் 2024 அக்டோபர் 20 அன்று நம் மைதானத்திலேயே அவர் 17 ஓட்டத்தில் 176 யார்டு ஓடியதைப் பார்க்க வேண்டி வந்தது. 28-3 என்று தோற்றோம். அன்று கூட்டம் அவரைப் பார்த்துக் கூச்சலிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. ஆறு வருஷம் உடம்பைக் கொடுத்து ஆடியவர் அவர்.

அப்புறம் ஒரு விஷயம், இந்த விவாதத்தில் யாரும் வாயே திறப்பதில்லை. 2024-ன் அதே மார்ச்சில், தடுப்பு வரிசைக்குப் பின்னால் கடைசிக் காவலாக நிற்கும் சேஃப்டி சேவியர் மெக்கின்னியையும் விட்டோம். வயது 24. சேஃப்டி என்பது முப்பதை நெருங்கும்போது சரியத் தொடங்கும் ரன்னிங் பேக் வேலை மாதிரி இல்லை, இன்னும் பல ஆண்டுகள் ஆடியிருப்பார். க்ரீன் பே நான்கு ஆண்டுக்கு சுமார் 6 கோடியே 70 லட்சம் டாலர் கொடுத்துக் கூட்டிப் போனது. அங்கே முதல் ஐந்து ஆட்டங்களிலும் ஆட்டத்துக்கு ஒன்றாகப் பந்தைப் பறித்தார், சீசன் முடிவில் எட்டு, அந்த சீசனின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம். எதிரணி குவார்ட்டர்பேக்கை விரட்டும் பிரையன் பர்ன்ஸை அழைத்து வந்து ஐந்து ஆண்டுக்கு 14 கோடி டாலருக்கு மேல் கொடுத்ததை நான் ஆதரிக்கிறேன். ஆனால் ஜோன்ஸ் ஒப்பந்தம் கழுத்தைப் பிடிக்காமல் இருந்திருந்தால் மெக்கின்னிக்கும் இடம் இருந்திருக்கும். 2024 ஆஃப்சீசனில் ஜயன்ட்ஸ் செய்த பிழை எது என்று என்னைக் கேட்டால் மெக்கின்னி பெயரைத்தான் சொல்வேன்.