தூக்கம் போச்சு, வயிறு கலங்குது: கல்லூரி டென்ஷன் கேள்விகளுக்குப் பதில்கள்

கல்லூரி மாணவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்வது என் வேலை. மன அழுத்தம் பற்றிக் கேளுங்கள் என்றால், பாதிப் பேர் தூக்கம், வயிறு, முடி, கோபம் என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். அழுத்தம் முதலில் கை வைப்பது அன்றாடத்தில்தான், சரிசெய்ய ஆரம்பிக்க வேண்டிய இடமும் அதுதான். "தைரியமா இரு" என்று முதுகில் தட்டி அனுப்புகிற பதில் எதுவும் இதில் இல்லை.

கேள்வி: பரீட்சை என்றாலே வயிறு கலங்குகிறது. ஹாலுக்குள் போவதற்குள் மூன்று தடவை பாத்ரூம் போய்விடுகிறேன். டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு, நார்மல். வீட்டில் "எல்லாம் மனசுதான்" என்கிறார்கள். நிஜமாகவே ஒன்றும் இல்லையா?

இருக்கிறது. ஆபத்து என்று மூளை முடிவெடுத்ததும் உடலில் இரண்டு அழுத்த ஹார்மோன்கள் கிளம்புகின்றன: அட்ரினலின் சில நொடிகளில் பாய்கிறது, கார்ட்டிசால் சில நிமிடங்கள் கழித்து ஏறுகிறது. அந்த நேரத்தில் இரைப்பை தன் வேலையைத் தள்ளிப்போடும், பெருங்குடலோ வேகமெடுக்கும். சாப்பாடு இறங்காமல் பாத்ரூம் மட்டும் கூப்பிடுவது அதனால்தான். மனசில் தொடங்கினாலும் குடலில் நடப்பது நிஜம்.

பரீட்சை அன்று கொஞ்சம் சீக்கிரம் எழுந்து, பழகிய எளிய உணவை நிதானமாகச் சாப்பிடுங்கள். காபியை அன்று ஒருநாள் விட்டுவிடுங்கள், பலருக்கு அதுவும் குடலை முடுக்கும். ஹால் வாசலில் கடைசி நிமிடத்தில் "அது படிச்சியா, இது படிச்சியா" என்று கேட்கும் கூட்டத்திலிருந்து நாலடி தள்ளி நில்லுங்கள். எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, நடு ராத்திரியில் வயிற்றுப்போக்கு எழுப்பினாலோ மட்டும் டென்ஷன் என்று விட்டுவிடாமல் மறுபடி டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: தினமும் ராத்திரி மூன்று மணி வரை படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது. பேப்பரைப் பார்த்தால் ஒன்றுமே வரவில்லை. எனக்கு ஞாபகசக்தி குறைவா மேடம்?

ஞாபகசக்தி இருக்கட்டும், முதலில் அந்த மூன்று மணியைப் பார்ப்போம். பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பது பெரும்பாலும் தூக்கத்தில்தான். தூக்கத்தை வெட்டிப் படிப்பது, எழுதி முடித்த ஃபைலை சேவ் செய்யாமல் மூடுகிற மாதிரி. 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேரத் தூக்கம் வேண்டும். 1997இல் டாசன், ரீட் என்ற இருவர் சோதித்துப் பார்த்தார்கள்: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கை-கண் ஒத்துழைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவர்களின் அளவுக்குக் குறைந்திருந்தது. காலை ஏழுக்கு எழுந்தவருக்கு நள்ளிரவுக்கே 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. மூன்று மணிக்கு உங்கள் நிலை என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, "தெரிந்த மாதிரி இருக்கிறது" என்கிறீர்களே, கோளாறு அங்கேயும் இருக்கிறது. நோட்டில் எல்லா வரியிலும் மஞ்சள் ஹைலைட்டர், அதையே நாலு தடவை வாசிப்பு. இந்த நோட்டை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரோடிகர், கார்பிக் என்ற ஆய்வாளர்கள் 2006இல் மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். மறந்துபோவோமோ என்ற கவலை யாருக்குக் குறைவாக இருந்தது தெரியுமா? திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்குத்தான்!

ஆகவே பத்துப் பக்கம் படித்தால் நோட்டை மூடி, வெள்ளைத் தாளில் ஞாபகம் வந்ததைக் கிறுக்குங்கள். வராத இடம்தான் நாளைக்குப் படிக்க வேண்டிய இடம். மாலை ஆறு மணிக்குக் குடித்த காபியில் உள்ள கஃபீனில் ஏறக்குறைய பாதி, ராத்திரி பதினொன்றுக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மதியத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. படுத்த பிறகு நாளைய வேலைகள் வரிசையாகத் தலைக்குள் ஓடுகின்றனவா? படுக்குமுன் ஐந்து நிமிடம் அவற்றைத் தாளில் எழுதிவிடுங்கள். 2018இல் வந்த ஓர் ஆய்வில் இப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளைப் பட்டியலிட்டவர்களைவிட ஒன்பது நிமிடம் போல முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். ஒன்பது நிமிடம்தானா என்று தோன்றலாம். புரண்டு புரண்டு படுப்பவருக்கு அது பெரிய நேரம்.

கேள்வி: அசைன்மென்ட் என்று லேப்டாப்பைத் திறந்தால் உடனே ரூமைப் பெருக்கத் தோன்றுகிறது. கடைசி நாள் வரை இப்படியே போகிறது. நான் சோம்பேறியா?

சோம்பேறி ரூமைப் பெருக்க மாட்டார். நீங்கள் தப்பிக்கப் பார்ப்பது வேலையிடமிருந்து அல்ல, அந்த வேலை கிளப்பும் பயத்திடமிருந்து. தள்ளிப்போட்டதும் மனசு லேசாகிவிடும், அந்தச் சுகத்துக்குத்தான் பழகிப்போகிறோம். 1997இல் டைஸ், பௌமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் இதைப் பதிவு செய்தார்கள். தள்ளிப்போடும் மாணவர்களுக்கு செமஸ்டர் தொடக்கத்தில் அழுத்தமும் உடல் உபாதையும் மற்றவர்களைவிடக் குறைவு. கடைசியில் இரண்டுமே அதிகம், மதிப்பெண்ணும் குறைவு.

பயம் போகட்டும், அப்புறம் தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். ஃபைலைத் திறந்து தலைப்பையும் மோசமான ஒரு முதல் பத்தியையும் எழுதுங்கள். மோசமாகவே இருக்கட்டும். திருத்துவதற்கு ஏதாவது கையில் இருந்தால் அடுத்த தடவை லேப்டாப்பைத் திறப்பது அவ்வளவு கனமாக இருக்காது.

கேள்வி: பரீட்சை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது போய் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதே?

முடியின் கணக்கு அப்படித்தான். கடும் அழுத்தம் நிறைய முடிகளை ஒரேயடியாக ஓய்வுநிலைக்குத் தள்ளும். அவை உதிர்வது இரண்டு மூன்று மாதம் கழித்து. பெரும்பாலும் சில மாதங்களில் தானே அடங்கிவிடும். இரும்புச்சத்தும் தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஷாம்பூவை மாற்றிக்கொண்டே இருப்பதால் பலனில்லை.

கேள்வி: மூச்சுப்பயிற்சி எல்லாம் வேலை செய்யுமா, சும்மாவா?

அந்த நேரப் படபடப்புக்கு வேலை செய்யும். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும்: நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். மூச்சு வெளியேறும்போது இதயத்துடிப்பு மெல்லக் குறையும். முடிக்காத அசைன்மென்டை மூச்சு முடித்துத் தராது, அவ்வளவுதான்.

கேள்வி: என் மகன் போனில் பேசினாலே எரிந்து விழுகிறான். முன்பெல்லாம் இப்படி இல்லை. என்ன செய்வது?

தூக்கம் குறைந்தால் கோபத்தையும் பயத்தையும் கிளப்பும் மூளைப்பகுதி கூடுதலாகத் துள்ளும், அடக்கும் பகுதியின் பிடி தளரும். கோபம் உங்கள் மேல்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கத்தினாலும் கைவிட மாட்டார்கள் என்று நம்பும் இடத்தில்தான் பிள்ளைகள் கத்துவார்கள். ஒன்று கேட்கிறேன், போனை எடுத்ததும் உங்கள் முதல் கேள்வி என்ன? "படிச்சியா?" என்றால், ஒரு வாரம் அதை விட்டுப் பாருங்கள். வீட்டு விஷயம் ஏதாவது இரண்டு நிமிடம் பேசிவிட்டு வைத்துவிடுங்கள்.

கேள்வி: அக்கா, என் ரூம்மேட் அடிக்கடி "நான் இல்லாமப் போனா யாருக்கும் நஷ்டமில்ல" என்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள். நேற்று அவளுக்கு ரொம்பப் பிடித்த ஹெட்போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நானே விதைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

விதைக்க மாட்டீர்கள் தங்கச்சி. கேட்பதால் அந்த எண்ணம் அதிகரிப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. யாராவது கேட்டார்களே என்று அழுதுவிடுபவர்கள்தான் நிறைய. இன்றைக்கே, தனியாக இருக்கும்போது, சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" பிடித்த பொருளைத் தூக்கிக் கொடுப்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆமாம் என்றால் புத்திமதி வேண்டாம். அவளைத் தனியே விடாதீர்கள். வார்டன், அவள் வீட்டார், டாக்டர், இவர்களில் ஒருவரையாவது உடனே வரவழையுங்கள், அவசர உதவி எண்ணையும் அழைக்கலாம். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சத்தியம் கேட்டால் செய்து கொடுக்காதீர்கள். கோபித்துக்கொள்ளட்டும், பிறகு சமாதானமாகலாம். இல்லை என்று சொன்னாலும் உங்களுக்கு நெஞ்சு ஒப்பவில்லை என்றால் பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். இதை நீங்கள் ஒருத்தியே சுமக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஆலோசகரிடம் எப்போது போக வேண்டும்? போனால் வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களோ?

பரீட்சை டென்ஷன் பரீட்சையோடு இறங்கிவிடும். இரண்டு வாரமாக நாளில் பெரும்பகுதி மனசு இருண்டே கிடக்கிறது, பிடித்தது எதிலும் ஒட்டவில்லை, தூக்கமோ பசியோ தடம் மாறிவிட்டது என்றால் போய்விடுங்கள், அது மனச்சோர்வாக இருக்கலாம். உயிரை விடும் எண்ணம் எட்டிப்பார்த்தால் இரண்டு வாரமெல்லாம் கணக்கில்லை, அன்றைக்கே யாரிடமாவது சொல்ல வேண்டும்.

நீங்கள் பேசுவதைப் பொதுவாக வெளியே சொல்ல மாட்டார்கள். உங்கள் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் நிலைமை வேறு. உட்கார்ந்ததும் முதல் கேள்வியாக அதையே கேளுங்கள்: "நான் சொல்றதுல எதை யார்கிட்ட சொல்வீங்க?" நல்ல ஆலோசகர் மழுப்பாமல் பதில் சொல்வார். மழுப்பினால் வேறு ஒருவரைப் பார்க்கலாம், தப்பில்லை.