அண்ணி ஊசி உங்கள் மனைவிக்கு வேண்டாம்: எம்.எஸ். கேள்வி-பதில்

(எம்.எஸ். என்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்: உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்.)

காரைக்குடி: எம்.எஸ்.ஸுக்கு இன்டர்ஃபெரான் பீட்டா ஊசி போட்ட அன்று ராத்திரியெல்லாம் குளிரும் உடம்புவலியும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

ஒத்துக்கொள்கிறது. வைரஸ் வந்தால் உடம்பே சுரக்கிற சைகை அது. ஊசியில் ஏற்றினால் உடம்பு காய்ச்சல் வந்துவிட்டதாகவே நம்பும். படுக்கப் போகும்போது போடுங்கள். பாராசிட்டமால் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலும் அடங்கும். ஊசி மருந்தை ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.

தேவகோட்டை: ரத்தத்தில் இன்டர்லூகின்-6 (வீக்கத்தைக் கிளப்பும் ஒரு சைகைப் புரதம்) கூடுதல். எனக்கு எம்.எஸ்.தானே?

சளி பிடித்தாலும் அது கூடும். எம்.ஆர்.ஐ. எடுத்தீர்களா என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

பள்ளத்தூர்: மனைவிக்கு எம்.எஸ். எங்கண்ணிக்கு முடக்குவாதத்துக்குப் போடும் டி.என்.எஃப். (வீக்கத்தைக் கிளப்பும் இன்னொரு சைகைப் புரதம்) தடுப்பு ஊசி அருமையாகக் கேட்கிறது. ஒன்று மிச்சம், எங்கள் ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது. இரண்டும் எதிர்ப்பு சக்தி நோய்தானே, போடலாமா?

அய்யா, அதை உடனே அண்ணி வீட்டில் சேர்த்துவிடுங்கள். இந்த யோசனை உங்களுக்கு முன்பே ஆராய்ச்சியாளர்களுக்கும் வந்தது. எலிகளில் டி.என்.எஃப்.பைத் தடுத்தால் எம்.எஸ். போன்ற நோய் தணிந்தது. அந்த நம்பிக்கையில் டி.என்.எஃப்.பைத் தடுக்கும் லெனர்செப்ட் என்ற மருந்தை எம்.எஸ். உள்ள 170 பேர் வரை வைத்துச் சோதித்தார்கள். மருந்து போட்டவர்களுக்குத்தான் அட்டாக் (எம்.எஸ். திடீரென்று கிளம்புவது) அதிகமாகவும் சீக்கிரமாகவும் வந்தது. முடிவு வெளியானது 1999இல்.

காரணம்? டி.என்.எஃப். இரண்டு கதவைத் தட்டுகிற ஆள். ஒரு ஏற்பி வழியாக வீக்கத்தைக் கிளப்பும். இன்னொன்றின் வழியாக நரம்பின் மயலின் உறை திரும்ப வளர உதவும் என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பூட்டினால் ரிப்பேர் வேலையும் நின்றுபோகும். வேறு சைகைகளைத் தடுத்து சொரியாசிஸுக்கு நன்றாகக் கேட்கும் உஸ்டெகினுமாப் கூட, 2008இல் வெளியான எம்.எஸ். சோதனையில் பலன் தரவில்லை. இன்டர்ஃபெரானிலேயே பாருங்கள்: பீட்டா 1993இல் மருந்தாக அனுமதி பெற்றது, காமாவைக் கொடுத்துப் பார்த்தபோது அட்டாக் கூடியது என்று 1987இல் வெளியானது. பெயர் ஒன்று, குணம் வேறு.

என்னிடம் ஒரு ஆச்சி வந்தார். அதே டி.என்.எஃப். தடுப்பு வாத ஊசி மூன்றாவது டோஸ் போனதும் இடது கண் மங்கிவிட்டது. பல வருஷத்துக்கு முன்பே அதே கண் வலித்துப் பார்வை போய்த் திரும்பியிருக்கிறது. டாக்டர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. எத்தனை தடவை எழுதினாலும் பழைய சீட்டெல்லாம் அலமாரியிலேயே தூங்குகிறது. இதுபோன்ற எந்த உயிரியல் ஊசிக்கும் முன்னால் பழைய கண் கதையைச் சொல்லுங்கள்; அது எம்.எஸ்.ஸின் முதல் அடையாளமாக இருக்கலாம்.

புதுவயல்: எம்.எஸ். என்றார்கள், இப்போது என்.எம்.ஓ. (கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் வேறொரு நோய்) என்கிறார்கள். மருந்தை மாற்ற வேண்டுமா?

கட்டாயம். இன்டர்ஃபெரான் பீட்டா என்.எம்.ஓ.வை மோசமாக்கலாம். இன்டர்லூகின்-6 ஏற்பியைத் தடுக்கும் சாட்ராலிசுமாப் போன்றவை என்.எம்.ஓ.வில் உதவும். என்.எம்.ஓ.வைக் கண்டுபிடிக்க உதவும் அக்வாபோரின்-4 ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். பழைய சீட்டும் கூட.

கானாடுகாத்தான்: வெயிலில் நடந்தால் கண் மங்குகிறது, ஆத்தங்குடிக் கல் தரையில் கொஞ்ச நேரம் படுத்தால் தெளிகிறது. அட்டாக்கா?

உடம்புச் சூடு ஏறினால் சேதமான நரம்பு இப்படித் தடுமாறும். அட்டாக் என்றால் காய்ச்சல் இல்லாமலே 24 மணி நேரமாவது நீடிக்கும். மதிய வெயிலில் சந்தைக்கு வேறு யாரையாவது அனுப்புங்கள்.