சேர வருகிறவர்களிடம் என்ன சொல்வது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் இளநிலை இயற்பியல் மூன்றாமாண்டு படிக்கிறேன். அடுத்த ஆண்டு சேர நினைக்கும் பள்ளி மாணவர்களைப் பெற்றோருடன் வரவழைத்து எங்கள் துறையை ஒருநாள் சுற்றிக்காட்டப் போகிறார்கள். மாணவர் தரப்பில் பேச எனக்கு 20 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நேரத்தை வீணாக்காதீர்கள், நல்ல நண்பர்களைத் தேர்ந்தெடுங்கள், அன்றன்றைக்கே படியுங்கள் என்று எழுதித் தோழியிடம் காட்டினேன். "இதையெல்லாம் உனக்குச் சொன்னபோது நீ கேட்டாயா?" என்றாள். கேட்கவில்லைதான். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கவும் முதல் வருடத்தைத் தாண்டவும் உண்மையில் உதவுகிற மாதிரி எதைச் சொல்லலாம்?

செ.

அன்புள்ள செ.,

உங்கள் தோழி சரியாகத்தான் கேட்டிருக்கிறார். நீங்கள் எழுதிய மூன்றையும் அங்கே வருகிற ஒவ்வொருவரும் வீட்டில் நூறு தடவை கேட்டிருப்பார்கள். வீட்டில் யாரும் சொல்லியிருக்க முடியாதவை சில கேள்விகளும் சில கணக்குகளும். 20 நிமிடத்துக்கு அவையே அதிகம்.

வருகிறவர்கள் இன்னும் சேரவில்லை. ஆகவே கேள்விகளிலிருந்து தொடங்குங்கள். ஆடிட்டோரியத்தையும் புல்வெளியையும் துறையே காட்டிவிடும். கையேட்டில் விருப்பப் பாடங்கள் என்று நீளமாக ஒரு பட்டியல் இருக்குமே, அதில் இந்த ஆண்டு உண்மையில் நடந்தவை எத்தனை என்று கேட்கச் சொல்லுங்கள். எடுக்க ஆசிரியர் இல்லாமலோ, போதிய பேர் சேராமலோ பல பாடங்கள் தாளோடு நின்றுவிடும். ஒரு குறிப்பிட்ட பாடத்துக்காகவே சேர நினைப்பவருக்கு இந்த ஒரு பதிலே முடிவைச் சொல்லிவிடும். லேபில் ஒரு கருவிக்கு எத்தனை பேர்? இரண்டு பேர் என்றால் இருவருமே கற்றுக்கொள்வார்கள். ஐந்து பேர் என்றால் ஒருவர் ரீடிங் எடுப்பார், ஒருவர் எழுதுவார், மற்ற மூவரும் அதைப் பார்த்து எழுதுவார்கள். தேர்வு முடிந்து எத்தனை நாளில் முடிவு வெளியாகிறது? அது இழுத்தடித்தால் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிற சமயத்தில் மதிப்பெண் பட்டியல் கையில் இருக்காது. முதல் வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் வாங்கிப் போகிறார்கள்? இதற்குச் சட்டென்று பதில் வந்தால் நல்லது. மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

வேலைவாய்ப்பு விழுக்காடு சொல்லும்போது எதை எதால் வகுத்தார்கள் என்று கேட்க வேண்டும். வளாகத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்திருந்தால், 100 பேரில் 40 பேர் பெயர் கொடுத்து 36 பேருக்கு வேலை கிடைத்தது 90 விழுக்காடு ஆகிவிடும். சராசரிச் சம்பளத்திலும் இதே வித்தை உண்டு. ஒன்பது பேருக்கு 3 பங்கு, ஒருவருக்கு 33 பங்கு என்றால் சராசரி 6. அந்த 6 அவர்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. எல்லாரையும் வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு என்று கேட்டால் 3 என்ற உண்மை வெளியே வரும்.

இவற்றை யாரிடம் கேட்பது? வராந்தாவில் போகிற இரண்டாமாண்டு மாணவர்தான் சரியான ஆள். முதலாண்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. கடைசி வருடத்தவர் எல்லாவற்றோடும் சமரசமாகி, கசந்தவற்றைக்கூடச் சிரித்துக்கொண்டு சொல்லும் நிலைக்கு வந்திருப்பார். உங்களிடம் கேட்பதும் அவ்வளவு உசிதமல்ல, ஏனென்றால் நீங்கள் துறை பொறுக்கி நிறுத்திய ஆள். இதை நீங்களே மேடையில் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதை நம்புவார்கள்.

அடுத்தது கிரெடிட். பட்டம் வாங்கும்வரை அதை மதிப்பெண் சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது நேரத்தை அளக்கிற அலகு. இதில் ஐரோப்பிய முறை மிகத் தெளிவானது: ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு, ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட். ஆக ஆண்டுக்கு 1500 முதல் 1800 மணி நேரம். வகுப்பு, லேப், தனியாகப் படிப்பது, தேர்வு எல்லாம் இதற்குள் அடக்கம். 40 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 37.5 முதல் 45 மணி வரை வரும். மற்ற முறைகளில் கிரெடிட்டின் அளவு வேறு, ஆனால் வகுப்புக்கு வெளியே செய்கிற வேலையும் சேர்ந்ததுதான் படிப்பு என்பது எல்லாவற்றுக்கும் பொது. (இப்படி நேரத்தை அலகாக எண்ணும் பழக்கம் பரவியதற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. 1906 வாக்கில் அமெரிக்காவின் கார்னகி அறக்கட்டளை பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் தர முன்வந்தபோது, எது கல்லூரி என்று தீர்மானிக்க, சேர வருகிற மாணவர் பள்ளியில் இத்தனை அலகு பாடம் முடித்திருக்க வேண்டும் என்று கேட்கிற இடங்களையே ஏற்றது. ஓய்வூதியம் வேண்டுமென்றால் மணியை எண்ணித்தான் ஆகவேண்டும்.)

உங்கள் ஜூனியரின் கால அட்டவணையில் வாரம் 18 மணி நேரம்தான் வகுப்பு என்று வையுங்கள். வாரம் 38 மணி உழைப்பு என்று கொண்டால் மீதி 20 மணி வகுப்புக்கு வெளியே. பள்ளியில் காலையிலிருந்து மாலை வரை மணியடித்து உட்கார்த்திவைத்தார்கள். இங்கே பாதி நாள் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்தால் விடுமுறை மாதிரித்தான் தோன்றும். முதல் வருடத்தில் சறுக்குகிறவர்களில் பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். சோம்பலால் அல்ல, அந்த 20 மணி நேரமும் படிப்பைச் சேர்ந்தது என்று யாரும் சொல்லாததால். அதை எங்கே வைப்பது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே விழுகிற ஒரு மணி இடைவெளி வாரத்தில் ஐந்து கிடைக்கும்; அப்போது அறைக்குப் போகாமல் நேரே நூலகத்துக்குப் போய்விட வேண்டும். அறைக்குப் போய்த் திரும்புவதற்குள் அந்த மணி கரைந்துவிடும். மாலையில் இரண்டரை மணி வீதம் ஐந்து நாளைக்குப் பன்னிரண்டரை. வார இறுதியில் ஒரு காலைப்பொழுது இரண்டரை. சரியாக 20. இரவு விழிக்க வேண்டியதில்லை, ஒரு நாள் முழுக்க ஓய்வும் மிஞ்சும்.

மதிப்பெண் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். 4 கிரெடிட் கணிதத்தில் 6 புள்ளி, 1 கிரெடிட் லேபில் 10 புள்ளி. சராசரி 8 என்பார்கள். நாலாறு இருபத்துநாலு, கூடப் பத்து, 34. அதை 5 கிரெடிட்டால் வகுத்தால் 6.8. கனமான பாடத்தை விட்டுவிட்டு இலேசானதில் பத்து வாங்கிச் சமாளிக்க முடியாது. இதே கணக்கு ஆறுதலும் தரும். சம கிரெடிட் உள்ள ஆறு செமஸ்டரில் முதலாவதில் 5 வாங்கியவர், மற்ற ஐந்திலும் 7.4 எடுத்தால் மொத்தத்தில் 7-க்கு வந்துவிடுவார். மூன்று செமஸ்டரும் 6-லேயே ஓட்டிவிட்டு 7.5 வேண்டும் என்றால் மீதி மூன்றிலும் 9 வேண்டும். முதல் செமஸ்டர் கவிழ்ந்தால் மூழ்கிவிடவில்லை, மூன்றாவதுக்குப் பிறகுதான் ஏறுவது கஷ்டம்.

வருகைப் பதிவிலும் எண்ணிக்கைதான் ஏமாற்றும். விதி 75 விழுக்காடு என்றால், 45 வகுப்பு நடக்கிற பாடத்தில் 34-க்கு வந்தாக வேண்டும்; 11 விடலாம். செமஸ்டருக்கு 15 லேப் என்றால் 12-க்கு வரவேண்டும், மூன்றுதான் விடலாம். ஒரு காய்ச்சலில் இரண்டு போய்விடும். பாடம் பாடமாகக் கணக்கிடுகிறார்களா, மொத்தமாகவா என்பதை விதிப்புத்தகத்தில் பார்த்துக்கொள்வது அவசியம். சீனியர் சொன்னதை நம்பக் கூடாது. அவர் சேர்ந்த ஆண்டின் விதி வேறாக இருக்கலாம்.

அரியரைப் பற்றி ஒன்று. எல்லா அரியரும் சமமல்ல. கணிதம் ஒன்றில் தேறினால்தான் கணிதம் இரண்டு, அது முடிந்தால்தான் மின்காந்தவியல் என்று சங்கிலியாகப் போகிற பாடங்கள் உண்டு. அதில் முதல் கண்ணி விட்டுப்போய், அந்தப் பாடமும் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும் என்றால் ஒரு தாளுக்காக ஒரு வருடமே தள்ளிப்போகும். தனித்து நிற்கிற பாடத்தில் தவறியவர் அடுத்த தேர்வில் எழுதிவிட்டுப் போகலாம். சேர்ந்த வாரத்திலேயே சிலபஸைப் பார்த்து எது எதற்கு முன்னால் என்று அம்புக்குறி போட்டு ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டால், இரண்டு பாடம் ஒரே நேரத்தில் நெருக்கும்போது எதை முதலில் காப்பாற்றுவது என்று தெரியும்.

படிக்கிற விதம். இங்கேதான் பள்ளிப் பழக்கம் மிகவும் கெடுக்கிறது. திரும்பத் திரும்ப வாசிப்பதும் வண்ணப்பேனாவால் கோடு போடுவதும் தெரிந்துவிட்ட உணர்வைத் தரும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனையில் மாணவர்கள் ஒரு பத்தியைப் படித்தார்கள். ஒரு சாரார் மறுபடி வாசித்தார்கள், இன்னொரு சாரார் மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்களே மேல்: அவர்கள் நினைவில் வைத்திருந்தது 81 விழுக்காடு, எழுதிப்பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து எழுதிப்பார்த்தவர்கள் 56, வாசித்தவர்கள் 42. தேர்வுக்கு முந்தின இரவு 'எல்லாம் தெரிகிறது' என்று தோன்றுவது ஏன் பொய்த்துப்போகிறது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் தேவையில்லை. ஒரு நாளில் இத்தனை விழுக்காடு மறந்துவிடும் என்று உளவியலாளர் எபிங்ஹாஸின் மறதி வளைகோட்டை எல்லாரும் காட்டுவார்கள். நீங்கள் அதைக் காட்ட வேண்டாம். 1885-இல் அவர் வெளியிட்டது, தம் ஒருவரையே வைத்து, அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து பார்த்த சோதனை. பொருள் புரிந்து படித்த பாடத்துக்கு அந்த எண்களை அப்படியே ஒட்ட முடியாது.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் பழக்கிய முறைப்படி, நோட்டில் இடப்பக்கம் இரண்டரை அங்குலம் விட்டுக் கோடு போட வேண்டும். வகுப்பில் வலப்பக்கம் மட்டும் எழுத வேண்டும். அன்று மாலையே இடப்பக்கத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கேள்வி. 'காஸ் விதி' என்று தலைப்பு எழுதினால் பயனில்லை. 'மின்னூட்டம் பெற்ற கடத்திக் கோளத்துக்கு உள்ளே மின்புலம் ஏன் சுழி?' என்று கேள்வியாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்து வலப்பக்கத்தைத் தாளால் மறைத்து, கேள்வியைப் பார்த்துப் பதிலை எழுத வேண்டும். எழுத வராத இடம் எது என்று தெரியுமே, ஆசிரியரிடம் கொண்டுபோக வேண்டியது அதைத்தான். "சார், மூன்றாவது யூனிட் புரியவில்லை" என்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. "ஏழாவது கணக்கில் மூன்றாவது வரி வரை வந்தேன், அடுத்ததில் குறி ஏன் மாறுகிறது?" என்றால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். பாதி போட்ட தாள் கையில் இல்லாமல் போகவே கூடாது.

லேபைப் பற்றி நீங்களே என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். ஆனால் இதை விட்டுவிடாதீர்கள்: சர்க்யூட்டைப் பிரிப்பதற்கு முன்னால் அங்கேயே பென்சிலால் ஒரு கரடுமுரடான கிராஃப். நேர்கோட்டை விட்டு ஒரு புள்ளி விலகி நின்றால் அந்த ஒரு ரீடிங்கைத் திரும்ப எடுக்க இரண்டு நிமிடம் போதும். பிரித்துவிட்டுப் போனவர் இரவில் கிராஃப் போட்டுப் பார்த்து, கோட்டுக்கு வராத புள்ளியைக் கோட்டுக்கு இழுப்பார். பொய் ரீடிங் போடும் பழக்கம் தொடங்குவது இப்படித்தான். ஜீரோ எரரையும் (எதையும் அளக்காதபோதே கருவி காட்டும் பிழை) லீஸ்ட் கவுண்டையும் (கருவியால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு) முதல் ரீடிங்குக்கு முன்னாலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அப்சர்வேஷன் நோட்டில் பேனாவால் எழுத வேண்டும். தவறானால் ஒரே கோடு, அடித்தது கீழே தெரிய வேண்டும். பிறகு பார்க்கும்போது அடித்ததுதான் சரி என்று ஆவது உண்டு.

ஹாஸ்டலுக்கு இரண்டு நிமிடம் போதும். அறைத்தோழருடன் வருகிற சண்டை பெரும்பாலும் விளக்கு அணைக்கும் நேரம், அடித்துக்கொண்டே இருக்கிற அலாரம், கேட்காமல் வருகிற விருந்தாளி ஆகிய மூன்றில்தான் முளைக்கும். முதல் வாரத்திலேயே, இருவருக்கும் கோபம் இல்லாத சமயத்தில் பேசிவிட்டால் மூன்றும் பத்து நிமிட விஷயம். ஒரே பிளக்கில் எல்லாவற்றையும் செருகுவதற்கு இயற்பியல் மாணவியாக ஒரு வரி சொல்லலாம்: 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் பிளக் தாங்குவது 1380 வாட், வெந்நீர் போடும் 1500 வாட் ஹீட்டர் தனியாகவே அதைத் தாண்டிவிடும். மன்றங்கள், அணிகள் எல்லாவற்றிலும் முதல் மாதத்தில் பெயர் கொடுக்கலாம்; மூன்று கூட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

நான் எழுதியது எல்லாம் 20 நிமிடத்தில் அடங்காது. கேட்க வேண்டிய கேள்விகள், 20 மணி நேரக் கணக்கு, மூடிவைத்து எழுதிப் பார்ப்பது, இந்த மூன்றோடு 12 நிமிடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சம் எட்டு நிமிடம் அவர்கள் கேட்பதற்கு. ஒன்று கவனியுங்கள், பக்கத்தில் அப்பா அம்மா உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. கேட்பதெல்லாம் பெற்றோராகத்தான் இருக்கும். உள்ளே வரும்போதே ஆளுக்கொரு துண்டுச்சீட்டைக் கொடுத்து, பெயர் போடாமல் கேள்வியை எழுதச் சொல்லி வாங்கிவிடுங்கள். பதில் சொல்லாமல் மிஞ்சும் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், அடுத்த ஆண்டு பேசப்போகிற ஜூனியரிடம் கொடுங்கள்.