மீட்டருக்குள் இருக்கும் கம்பி யார் வைத்தது?

கேள்வி: சொந்தமாக எலெக்ட்ரிக்கல் வேலை எடுத்துச் செய்கிறேன். உதவிக்கு ஒரு பையன் உண்டு. வோல்டேஜ், கரண்ட் அளக்கும் மல்டிமீட்டரின் சிவப்பு ஒயர் ஆம்பியர் துளையில் இருந்ததைக் கவனிக்காமல் அவன் வோல்டேஜ் பார்த்துவிட்டான். ஃபியூஸ் போனது, போர்டும் கருகியது. சர்வீஸுக்குக் கொடுத்தேன். ‘ஸ்பேர் வரவில்லை’ என்று மூன்று மாதம் இழுத்தடித்தார்கள். பிறகு ‘ஒரிஜினல் ஃபியூஸ்’ என்று பில் போட்டுத் தந்தார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது சாதாரண கண்ணாடி ஃபியூஸ். போய்க் கேட்டால் மரியாதை இல்லாமல் பேசுகிறார்கள். தனிநபருக்கு ஸ்பேர் தருவதில்லை என்று கம்பெனி கைவிரிக்கிறது. அந்தக் கண்ணாடி ஃபியூஸும் போய்விட்டதால் அவசரத்துக்கு நானே கம்பி சுற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சர்வீஸ்காரர், விற்ற கடை, கம்பெனி மூவர் மீதும் வழக்குப் போட்டு, மன உளைச்சலுக்கும் மூன்று மாத வருமான இழப்புக்கும் நஷ்டஈடு வாங்க முடியுமா?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் சர்வீஸ்காரர் பேசிய பேச்சு. அதை ஓரமாக வையுங்கள்.

மூன்று மாத வருமானம் கிடைக்காது. ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 73 இழப்பைக் கணக்கிடும்போது, அதைத் தவிர்க்க உங்கள் கையில் என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்கச் சொல்கிறது. வேறு மீட்டர் வாங்கியோ இரவல் பெற்றோ வேலையைத் தொடர்ந்திருக்கலாமே என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? கம்பெனி ஸ்பேர் விற்கவில்லை என்பது நியாயமான எரிச்சல்தான். விற்கும்போது எழுத்தில் ஏதாவது உறுதி தந்திருந்தால் ஒழிய, அதை மட்டும் வைத்து நான் வழக்குப் போட மாட்டேன். விற்ற கடையைத் தொடவே வேண்டாம். தீங்கு நேர்ந்த சமயத்தில் பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் விற்றவர் மீது பொருள் பொறுப்பு வழக்கு (பொருளின் குறையால் வந்த தீங்குக்கு நஷ்டஈடு கேட்பது) நிற்காது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 87 சொல்கிறது. உங்கள் மீட்டரில் இரண்டு பேர் கை வைத்தாகிவிட்டது.

‘தொழிலுக்குப் பயன்படுத்துகிறவர் நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு ஆரம்பிக்கும். அதற்கு மட்டும் பயப்படாதீர்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவருக்குச் சட்டமே விலக்கு தருகிறது. உதவிக்கு ஓரிருவர் இருப்பதால் அந்த விலக்கு போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் லட்சுமி என்ஜினியரிங் வழக்கில் சொல்லியிருக்கிறது.

ஆக மிஞ்சுவது சர்வீஸ்காரர் ஒருவர்தான். அவர் மீது உங்களிடம் உள்ள ஒரே ஆயுதம் பில்லில் உள்ள ‘ஒரிஜினல் ஃபியூஸ்’ என்ற இரண்டு சொல். நல்ல ஆயுதம். அதை மழுங்கடித்தவர் நீங்கள். கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, ‘நானே கம்பி சுற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்’ என்று, இனி உங்கள் வழக்கு அந்த வரிதான்.

சர்வீஸ்காரர் வாயே திறக்க வேண்டியதில்லை. அவருடைய வக்கீல் குறுக்கு விசாரணையில் ஒரே கேள்வி கேட்பார்: “இப்போது மீட்டருக்குள் இருப்பது யார் வைத்தது?” நீங்கள் ‘நான்’ என்பீர்கள். “நாங்கள் வைத்தது எங்கே?” குப்பைக்குப் போயிருக்கும். வைத்தது கண்ணாடி ஃபியூஸ்தான் என்பதற்கு உங்கள் வாய்ச்சொல் தவிர என்ன இருக்கிறது? என்னிடம் வந்த ஒருவர் வெல்டிங் மெஷினில் இதையே செய்தார். முதல் மெக்கானிக் ஏமாற்றிவிட்டார் என்ற கோபத்தில் இரண்டாமவரிடம் கொடுத்தார். அவர் ‘சுத்தமாக’ எல்லாவற்றையும் மாற்றி, பழைய பாகங்களைத் தூக்கிப் போட்டுவிட்டார். மெஷின் ஓடியது, வழக்கு ஓடவில்லை.

அது பணம் போகிற ஆபத்து. இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அதில் விழுந்தவர்களைப் பார்த்திருப்பதால்தான் இவ்வளவு கறாராக எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் நீதிமன்றத்தில் எப்படிக் கேட்கப்படும் என்பதற்காகச் சொல்கிறேன். 1000 வோல்ட் வரை பார்க்கும் மீட்டர்களில் ஆம்பியர் பக்கத்துக்குப் பெரும்பாலும் 11 ஆம்பியர், 1000 வோல்ட், 20 கிலோ ஆம்பியர் (20,000 ஆம்பியர்) வரையிலான கரண்டைத் துண்டிக்கக்கூடிய ஃபியூஸ் இருக்கும். பீங்கான் குழாய், உள்ளே மணல். ஒயர் தவறான துளையில் இருந்து மெயின் லைனைத் தொட்டால் மீட்டர் வழியாக ஷார்ட் ஆகிறது. அப்போது எழும் தீப்பொறியை அணைப்பது அந்த மணல்தான். சாதாரண கண்ணாடி ஃபியூஸ் 250 வோல்டுக்கானது. ஆம்பியர் எண் ஒத்துப்போனாலும் அந்த இடத்தில் அது வெடிக்கலாம். கம்பி அதைவிட மோசம். மீட்டர் கையிலேயே வெடிக்கலாம். சர்வீஸ்காரர் வைத்ததையும் நீங்கள் வைத்ததையும் ஒரு நிபுணர் முன்னால் வைத்தால், உங்களுடையதைத்தான் அவர் முதலில் ஒதுக்குவார்.

வழக்குக்கு முன் சர்வீஸ்காரருக்கு நீங்கள் அனுப்ப விரும்பும் நோட்டீஸை யோசித்துப் பாருங்கள். ‘தரமற்ற ஃபியூஸ் வைத்து என் உயிருக்கே ஆபத்து விளைவித்தீர்கள்’ என்று எழுதச் சொல்வீர்கள், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தக் காகிதத்தில் உங்கள் கையெழுத்தும் தேதியும் இருக்கும். சரியான ஃபியூஸ் இல்லாத மீட்டர் ஆபத்தானது என்று அன்றைக்கே உங்களுக்குத் தெரியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? அடுத்த வாரம் அதே பையன் அதே மீட்டரை அதே தவறோடு பிடிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை செய்தவன்தானே. உயிர் போனால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106, அலட்சியத்தால் மரணம், 5 ஆண்டு வரை சிறை. தற்காப்பாக ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் வழியை உங்கள் நோட்டீஸே அடைத்துவிட்டிருக்கும்.

மீட்டரை யாருக்காவது இரவல் கொடுப்பதும் இதே கதைதான். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 150-இன்படி, உங்களுக்குத் தெரிந்த குறையைச் சொல்லாமல் கொடுத்து அதனால் சேதம் வந்தால் பொறுப்பு உங்களுடையது. வாடகைக்குக் கொடுத்தால் குறை உங்களுக்குத் தெரிந்திருக்கவே வேண்டியதில்லை. ‘பழசு, போனால் போகிறது’ என்று இன்னொருவருக்கு விற்றுவிடும் எண்ணமும் இருந்தால் மறந்துவிடுங்கள்.

ஆகவே இன்றே அந்த மீட்டரை ஒரு கவரில் போட்டு ஒட்டுங்கள். திறக்காதீர்கள், கம்பியையும் எடுக்காதீர்கள். எடுத்தால் ‘மூன்றாவது முறையாக மாற்றினார்’ என்பார்கள். கண்ணாடி ஃபியூஸின் சாம்பலாவது கிடைத்தால் தனியாக வையுங்கள். அதைப் பிரித்தபோது படம் எடுத்திருந்தால், எடுத்த போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். அந்தப் படம் போன்ற மின்னணு ஆவணத்துக்கு, எந்தக் கருவியில் எடுத்தது என்ற விவரத்தோடு சாட்சியச் சட்டம் 2023, பிரிவு 63 சான்றிதழ் கேட்கிறது. வேலைக்கு வேறு மீட்டர் வாங்குங்கள். இந்தப் போர்டு ஒருமுறை கருகியது. சரியான ஃபியூஸே கிடைத்துப் போட்டாலும் உள்ளே இருக்கும் மற்ற பாதுகாப்புப் பாகங்கள் முழுசாக இருக்கின்றனவா என்று யாரும் உத்தரவாதம் தரப்போவதில்லை.

வழக்குப் போட உங்களுக்கு 2 ஆண்டு இருக்கிறது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 69. போட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. என் ஃபீஸ் உங்கள் மீட்டரைவிட அதிகம்.

சமாதானமாகப் போங்கள். பில்லை எடுத்துக்கொண்டு, விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், ஃபியூஸுக்கும் கூலிக்கும் வாங்கிய பணத்தை மட்டும் திருப்பிக் கேளுங்கள். புது மீட்டர் கேட்காதீர்கள். போர்டு கருகியது உங்கள் பையனால், அவர் அதைத்தான் முதலில் பிடிப்பார். பழைய பேச்சை எடுக்காதீர்கள். பில்லில் எழுதியதும் உள்ளே இருந்ததும் வேறு என்ற ஒரே விஷயத்தில் நில்லுங்கள். பில் விஷயத்தில் அவருக்கும் பயம் இருக்கும். ஒரே பொய்யை எத்தனை பில்லில் எழுதினார் என்பது அவருக்குத்தானே தெரியும்.

தருவதாகச் சொன்னால் ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள்: இந்தத் தேதி, இந்த பில், இவ்வளவு திருப்பித் தரப்பட்டது, இனி இது தொடர்பாக இருவருக்கும் கோரிக்கை இல்லை. மீட்டர் பழுதுபார்க்காத நிலையில் உங்களிடமே இருக்கிறது, பயன்பாட்டில் இல்லை என்று ஒரு வரியும் சேருங்கள். அந்த வரி அவருக்காக அல்ல, உங்களுக்காக. பணம் கைக்கு வந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.