அப்பாவின் போன் ஒட்டுக்கேட்கிறதா?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. பேப்பர் வாங்குவதை நிறுத்திவிட்டார், செய்தி எல்லாம் இப்போது போனில்தான். போன வாரம் அம்மாவிடம் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாராம். மறுநாளிலிருந்து எந்தச் செய்தியைத் திறந்தாலும் மூட்டுவலித் தைலம் விளம்பரம். போன் ஒட்டுக்கேட்கிறது என்று பயந்து, வீட்டில் முக்கியமாக ஏதாவது பேசுவதென்றால் அதைக் கொண்டுபோய் மாடிப்படியில் வைத்துவிட்டு வருகிறார். யூடியூபில் அவருக்கு விபத்து, கொலைச் செய்தியாகவே வருகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அப்பாவின் பயத்தைச் சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள். தன்னை யாரோ கவனிக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது சரிதான். எந்த வழியாகக் கவனிக்கிறார்கள் என்பதில்தான் சின்னத் தவறு.

அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளை ஆராய்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். திருட்டுத்தனமாக மைக்கைத் திறந்து பேச்சை அனுப்பிய செயலி ஒன்றுகூட அவர்களிடம் அகப்படவில்லை. அப்பாவுக்கு இதைச் சொல்வதைவிட நேரில் காட்டுவது நல்லது. ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்குப் பிந்தைய போன் என்றால், வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் பதிவு செய்யச் சொல்லுங்கள். திரையின் மேலே வலது மூலையில் பச்சை அடையாளம் வரும். எந்தச் செயலி மைக்கைத் தொட்டாலும் அது வரும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டால், மாடிப்படிக்கு நடப்பது குறையும்.

அப்படியானால் தைலம் எப்படி வந்தது? வலி என்று பேசுகிறவர்கள் அதைப் பற்றித் தேடவும் செய்வார்கள், 'முழங்கால் வலிக்கு எளிய தீர்வு' என்ற தலைப்பைத் தொடவும் செய்வார்கள். அப்பா தேடாவிட்டாலும் அம்மா தேடியிருக்கலாம். இருவர் போனும் ஒரே வைஃபையில் இருந்தால், அவை ஒரே வீட்டுப் போன்கள் என்று விளம்பர நிறுவனங்களால் ஊகிக்க முடியும். வயது வேறு 67.

செய்திப் பக்கத்தைத் திறந்ததும் நடப்பது இதுதான். பக்கம் திரைக்கு வருவதற்குள், அதிலுள்ள விளம்பர இடம் ஏலத்துக்குப் போகிறது. படிப்பது எந்தக் கட்டுரை, எந்த ஊரிலிருந்து, என்ன போன், அந்தப் போனின் விளம்பர அடையாள எண் (விளம்பர நிறுவனங்கள் அந்தப் போனை அடையாளம் காணும் எண்) என்ன என்ற விவரங்கள் ஏலம் கேட்கும் நிறுவனங்களுக்குப் போகின்றன. நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஏலம் முடிந்துவிடும். ஜெயித்த நிறுவனம் விளம்பரம் போடுகிறது. தோற்ற நிறுவனங்களின் கையிலும் அந்த விவரம் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு இதில் மிகவும் கவலை தருவது இந்தக் கடைசி விஷயம்தான். ஒருவர் படிக்கும் செய்திகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவருடைய நோய், கடன், கட்சி, பக்தி, குடும்பச் சிக்கல் எல்லாம் தெரிந்துவிடும். வாய்விட்டுப் பேச வேண்டிய அவசியமே இல்லை.

யூடியூபில் வருவதற்கும், அவர் பார்ப்பதையெல்லாம் குறித்துவைக்கும் இதே மாதிரிப் பதிவுதான் காரணம். 2012 முதல் யூடியூப், எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு அதிக மதிப்புக் கொடுக்கிறது. ஒரு கொலைச் செய்தியை அப்பா கடைசிவரை பார்த்திருப்பார். அது பிடித்துப் பார்த்ததா, பதறிப் பார்த்ததா என்று யூடியூபுக்குத் தெரியாது. அதனால் ஒட்டுக்கேட்பு, கொலைச் செய்தி என்று இரண்டு பிரச்சினையாக இதை நான் பார்க்கவில்லை. அவரைப் பற்றிச் சேரும் பதிவைக் குறைத்தால் இரண்டும் சேர்ந்தே குறையும்.

முதலில் யூடியூப். செட்டிங்ஸில் வாட்ச் ஹிஸ்டரியை முழுதாக அழித்துவிட்டு, இனிமேல் பதிவாகாதபடி நிறுத்திவிடுங்கள். 2023-இல் வந்த மாற்றத்தின்படி, பார்த்த பதிவு இல்லை என்றால் முகப்பில் பரிந்துரை எதுவும் வராது, வெறுமையாக இருக்கும். அப்பா நம்புகிற இரண்டு மூன்று செய்திச் சேனல்களை சப்ஸ்க்ரைப் செய்து, நேராக சப்ஸ்க்ரிப்ஷன்ஸ் பக்கத்துக்குப் போகப் பழக்குங்கள். செய்தி தானாக வந்து விழுவதற்கும் நாமே தேடிப் போய்ப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஒரே வாரத்தில் அவருக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து அந்த விளம்பர அடையாள எண். போன் செட்டிங்ஸில் கூகுள், அதற்குள் ஆட்ஸ், அங்கே 'டெலீட் அட்வர்டைசிங் ஐடி'. சில போன்களில் இது பிரைவசி பகுதிக்குள் இருக்கும். அழித்த பிறகும் விளம்பரம் வரும், ஆனால் வெவ்வேறு செயலிகளில் அவர் செய்வதை ஒரே ஆள் செய்தது என்று கோப்பது கடினமாகிவிடும்.

பிரவுசரையும் மாற்றச் சொல்வேன். ஒரு தளத்துக்குள் பிற நிறுவனங்கள் வைக்கும் குக்கீகள் என்ற சிறு அடையாளக் கோப்புகளைக் கொண்டு ஆளைத் தொடர்வதை ஃபயர்ஃபாக்ஸ் 2019-லும் சஃபாரி 2020-லும் தாமாகவே தடுக்கத் தொடங்கின. குரோமும் நிறுத்தும் என்று கூகுள் 2020-இல் அறிவித்தது, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து கடைசியில் கைவிட்டது. ஆண்ட்ராய்டுக்கான ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற இலவசத் தடுப்பானையும் சேர்க்கலாம். ஒன்று சொல்ல வேண்டும், சிறிய தமிழ்த் தளங்கள் விளம்பர வருமானத்தில்தான் நடக்கின்றன. விளம்பரத்தைத் தடுப்பவர்கள், பிடித்த ஒரு பத்திரிகைக்காவது சந்தா கட்டிவிடுவது நியாயம் என்பது என் எண்ணம்.

பிரவுசரின் இன்காக்னிட்டோ என்ற மறைமுறையில் படித்தால் போதுமே என்று யாராவது சொல்வார்கள். அது உங்கள் போனில் ஹிஸ்டரி தங்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். தளங்களிடமிருந்து மறைக்காது. இது தொடர்பாக அமெரிக்காவில் 2020-இல் தொடுத்த வழக்கில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024-இல் கூகுள் ஒப்புக்கொண்டது.

அப்புறம், செய்திச் செயலிகள் வாங்கிய அனுமதிகளைப் பாருங்கள். செய்தி படிக்க கான்டாக்ட்ஸ் எதற்கு, மைக் எதற்கு? எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியையும் திறந்து பாருங்கள். எப்போதோ 'அலோ' அழுத்திய தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அடுத்துக் கேட்பீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தரவு எடுக்கச் சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி தர வேண்டும். சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அமலாக அதிலிருந்து 18 மாதம். அதுவரை செட்டிங்ஸ்தான் துணை.

நீங்கள் கேட்காத ஒன்று, வாட்ஸ்அப் செய்திக் குழுக்கள். அப்பா நிச்சயம் சிலவற்றில் இருப்பார். ஊர்ச் செய்திக் குழுவில் இருக்கும் முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் அவருடைய போன் நம்பர் தெரியும். மோசடி அழைப்புக்கு அதுவே போதும். அதே செய்தியை வாட்ஸ்அப் சேனலாகத் தருகிறார்கள் என்றால் அங்கே மாறுவது நல்லது. சேனலைப் பின்தொடர்பவரின் நம்பர் அதை நடத்துபவருக்கும் தெரியாது, மற்றவர்களுக்கும் தெரியாது. பிரைவசி செட்டிங்ஸில் குரூப்ஸ் என்ற இடத்தில் 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றிவிட்டால், தெரியாதவர்கள் அவரைப் புதிய குழுக்களில் சேர்க்க முடியாது. பழைய குழுக்களிலிருந்து விலகினால் மனத்தாங்கல் வருமோ என்று அவர் தயங்கினால், 2022-லிருந்து அந்த அறிவிப்பு அட்மினுக்கு மட்டும்தான் போகிறது என்று சொல்லுங்கள்.